மோட்டார்ஹோம் குழாயில் தண்ணீரோடு காற்றும் வருகிறது, புது பம்ப் போட்டும் தீரவில்லை

வைக்காட்டோவாசி எழுதியது:

வணக்கம். நாங்கள் நியூசிலாந்தில் ஹாமில்டனில் இருக்கிறோம். ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, கிச்சன் எல்லாம் உள்ள வண்டி ஒன்று வைத்திருக்கிறோம். இங்கிலாந்தில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் தண்ணீர் விஷயம் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பக்கத்துப் பெஞ்சின் அடியில் 100 லிட்டர் டேங்க். அதை ஒட்டிய பலகையில், டேங்கின் பாதி உயரத்தில், 12 வோல்ட் பம்ப். பம்புக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் கண்ணாடி போலத் தெரிகிற மூடியோடு ஒரு சின்ன ஃபில்டர். பம்பிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு நீலப் பைப், சுடுதண்ணீருக்குச் சிவப்புப் பைப், எல்லாமே அழுத்திச் செருகும் வகை. தண்ணீர் ஹீட்டர் ட்ரூமா கம்பெனியுடையது, 10 லிட்டர், கேஸில் ஓடுவது, பின்கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள் கால் கழுவுவதற்கு ஷவர் உண்டு.

ஜூலை பள்ளி விடுமுறைக்கு, இங்கே அது குளிர்காலம், தெற்குத் தீவு போனோம். வெலிங்டனில் ஃபெரி ஏறி பிக்டன், பிறகு கைகோரா, கிறைஸ்ட்சர்ச், டெக்கப்போ, ட்வைசல். ட்வைசல் போகும் வரைக்கும் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அங்கே ராத்திரி கடும் உறைபனி. விடியும் முன்னே பம்ப் நிற்காமல் ஓடுகிற சத்தம் கேட்டு எழுந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. உடனே பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டோம். அதற்குள் டேங்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. பகலில் வெயில் ஏறியதும் கொட்டுவது நின்றுவிட்டது, ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

அன்றிலிருந்து கிச்சன் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீராக வருவதில்லை. புஸ் புஸ்ஸென்று காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது. டேங்க் நிரப்பிய புதிதில் நன்றாகத்தான் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் ஆரம்பித்துவிடும்.

ஊர் திரும்பியதும் ஒரு சர்வீஸ் கடையில் விட்டோம். பனியில் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புது பம்ப் மாட்டினார்கள். பம்புக்கும் கூலிக்கும் நல்ல தொகை ஆயிற்று. வீட்டுக்கு வந்து டேங்க் பாதியானதும் அதே துப்பல்.

இப்போது கூடவே இன்னொன்று சேர்ந்துவிட்டது. ராத்திரி ஹீட்டர் போட்டுவிட்டுப் படுத்தால், யாரும் குழாயைத் தொடாமலேயே பம்ப் டர்ரென்று ஒரு நொடி ஓடி நிற்கிறது. கண் அசரும் நேரம் பார்த்து மறுபடி ஒரு டர். பழைய பம்பில் இது இருந்ததே இல்லை. மூன்றாவதாக, சுடுதண்ணீர் என்று வருவது வெதுவெதுப்புத்தான். ஹீட்டர் எரிகிறது, அதன் உடம்பு தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது, குழாயில் மட்டும் சூடு இல்லை.

கடையில் கேட்டால், பைப் முழுவதையும் கழற்றி மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். பலகையெல்லாம் பிரிக்க வேண்டுமாம். அடுத்த பள்ளி விடுமுறைக்கு கோரமண்டல் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே இலவச இடங்களில் நிறுத்த வேண்டுமானால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாள் தண்ணீர் பிடிக்கிற டேங்க் வண்டியில் இருக்க வேண்டும். எங்கள் நான்கு பேருக்கு 48 லிட்டர். சரியாக அந்த அளவுக்கு இறங்கும்போதுதான் குழாய் தகராறு செய்கிறது. பைப் மாற்றத்தான் வேண்டுமா?

---

லெஸ்டர் வண்டிக்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரி. ட்வைசலில் கொட்டியதைப் பற்றி முதலில் சொல்கிறேன், அது பழுதே இல்லை. இங்கே இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் பாதிப் பேர் கேட்கிற கேள்வி அது.

ட்ரூமா ஹீட்டர் பக்கத்தில் நீல நிறத்தில் திருகுகிற குமிழும் ஒரு பட்டனும் உள்ள சின்ன வால்வு இருக்கும். அது இருக்கும் இடத்தில் வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்து ஹீட்டரில் உள்ள தண்ணீரை வண்டிக்கு அடியில் விட்டுவிடும். உள்ளே தண்ணீர் உறைந்து ஹீட்டர் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதற்குக் கரண்ட் தேவையில்லை. பம்ப் சுவிட்ச் போட்டபடியே இருந்தால், வால்வு திறந்து அழுத்தம் குறைந்ததும் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். ஹீட்டரின் 10 லிட்டரோடு நிற்காது, டேங்கில் இருப்பதையும் சேர்த்து வெளியே தள்ளும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

வால்வை மறுபடி மூட வேண்டுமானால் அந்த இடம் ஏறக்குறைய 7 டிகிரிக்கு மேல் வர வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு அழுத்தினாலும் பட்டன் உள்ளே நிற்காது. சிலர் துணி மாட்டுகிற கிளிப்பைப் பட்டனில் மாட்டி வலுக்கட்டாயமாக மூடி வைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மிச்சப்படுவது கொஞ்சம் தண்ணீர், போவது ஹீட்டர். முதலில் வண்டிக்குள் ஹீட்டிங்கைப் போட்டுச் சூடேற்றுங்கள். கட்டிலின் அடிப்பலகையைத் திறந்து வைத்தால் சூடு சீக்கிரம் போய்ச் சேரும். அப்புறம் குமிழைத் திருப்பிப் பட்டனை அழுத்துங்கள், நிற்கும்.

வெயில் ஏறியதும் கொட்டுவது நின்றது என்கிறீர்கள். பம்பை அணைத்துவிட்டதால் ஹீட்டர் காலியானதும் அது தானாக நின்றிருக்கும். பிறகு உங்கள் வீட்டுக்காரர் எப்போதாவது அந்தப் பட்டனை அழுத்தினாரா என்று கேளுங்கள்.

உறைபனி இருக்கும் ஊரில் படுக்கப் போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். துப்பல், டர்ர் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் வருவார்கள்.

---

மெல்பர்ன் சுற்றுபவன் எழுதியது:

பம்ப் மாற்றியும் அதே கதை என்றால் எனக்கு முதலில் வயர்மேல்தான் சந்தேகம் வரும். மல்ட்டிமீட்டரை பம்பின் இரண்டு வயர்களிலும் வைத்து, குழாயைத் திறந்து பம்ப் ஓடும்போது பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்து பம்பில் 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், வழியில் எங்கோ கனெக்‌ஷன் துருப்பிடித்திருக்கிறது, இல்லை வயர் மெல்லியது. ஓடாமல் நிற்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது, ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஊட்னடாட்டா டிராக் மாதிரி மண் ரோட்டில் போய் வந்தால் இந்த கனெக்‌ஷன்களெல்லாம் ஆடிப்போய்விடும். அங்கே எனக்குச் செருகுப் பைப் ஒன்றும் கழன்றுகொண்டது.

---

செகண்ட் இன்ஜினியர் எழுதியது:

அம்மா, பைப் மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

எனக்குத் தூத்துக்குடி. சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்துவிட்டு இப்போது கிறைஸ்ட்சர்ச்சில் மகளோடு இருக்கிறேன். எங்களிடமும் ஒரு மோட்டார்ஹோம் இருக்கிறது. பம்ப் தகராறு செய்தால் பம்பைத் தொடாதே, அதற்கு முன்னால் இருப்பதைப் பார் என்றுதான் கப்பலில் சேர்ந்ததும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் சக்‌ஷன், அதாவது இழுக்கும் பக்கம். பம்பிலிருந்து குழாய் வரைக்கும் டெலிவரி, தள்ளும் பக்கம். தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் பக்கம் ஓட்டை இருந்தால், பம்ப் உறிஞ்சும்போது சொட்டுக்கூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நம் ஊரில் கிணற்று மோட்டாருக்கு "ஏர் வாங்குது" என்று சொல்வோமே, அதேதான். ஏர் வாங்குகிற மோட்டாருக்கு யாரும் புது மோட்டார் வாங்க மாட்டார்கள், சக்‌ஷன் பைப்பைத்தான் பார்ப்பார்கள்.

டேங்க் நிறைந்திருந்தால் நன்றாக வருகிறது, பாதிக்குக் கீழே போனால் துப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். உங்கள் பம்ப் டேங்கின் பாதி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதற்கு மேலே நிற்கும்வரை தன் எடையாலேயே பம்புக்குள் வந்து நிற்கும், விரிசல் இருந்தாலும் அதன் வழியே காற்று நுழையாது. மட்டம் பம்புக்குக் கீழே போனதும் பம்ப் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அப்போது விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்து காற்று சுலபமாக வந்துவிடும். மெல்பர்ன் நண்பர் சொன்ன வோல்டேஜ் சோதனை நல்ல சோதனை, எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் பம்ப் இழுவையாக ஓடும், தண்ணீர் மெலிந்து வரும், காற்று வராது. டேங்க் மட்டத்துக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமும் இல்லை.

என் கை முதலில் போவது அந்த ஃபில்டருக்குத்தான். ட்வைசல் பனியில் ஹீட்டரைக் காப்பாற்ற வால்வு இருந்தது. பம்ப் வாயில் உள்ள ஃபில்டரைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அதன் கிண்ணத்துக்குள் எப்போதும் ஒரு வாய் தண்ணீர் தங்கியிருக்கும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், பிளாஸ்டிக் கிண்ணம் அதைத் தாங்காது. பம்ப் மாற்றியவர்கள் பழைய ஃபில்டரையே புது பம்பில் திருகியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கழற்றிப் பழுது என்று சொன்ன பம்ப் நல்ல பம்பாகவே இருக்கலாம், அவர்களிடம் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள்.

டேங்கைப் பாதிக்குக் கீழே விடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்து அந்தக் கண்ணாடி மூடியைப் பார்க்கட்டும். உள்ளே குமிழிகள் வரிசையாக ஓடினால் காற்று ஃபில்டரிலோ அதற்கு முந்தைய ஹோஸிலோ நுழைகிறது. அடுத்து பம்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, டேங்கிலிருந்து வரும் ஹோஸை ஃபில்டரிலிருந்து கழற்றுங்கள். கழற்றும்போது ஹோஸ் வாயைத் தூக்கிப் பிடியுங்கள், பெஞ்ச் நனையாது. அந்த இடத்தில் ஒரு முழம் வேறு ஹோஸை மாட்டி, அதன் நுனியைக் கீழே ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். வாளியிலிருந்தும் துப்பினால் குற்றம் ஃபில்டரில், அல்லது அது பம்பில் சேரும் இடத்தில். வாளியிலிருந்து சீராக வந்தால் டேங்க் ஹோஸில், அதன் கிளிப்பில், அல்லது டேங்குக்குள் இறங்கும் குழாயில். ஃபில்டரை மாற்றும்போது அதன் ஓ-ரிங்கில், அதாவது கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையத்தில், சாப்பாட்டுக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி, கையால் மட்டும் திருகுங்கள். ஸ்பேனர் போட்டால் புதுக் கிண்ணமும் விரியும்.

அடுத்து ராத்திரி டர்ர். இது துப்பலோடு சேர்ந்ததல்ல, தனி நோய். மூன்றுக்கும் ஒரே காரணம் தேடினால்தான் பைப் முழுவதையும் மாற்று என்கிற முடிவுக்கு வருவோம். புது பம்ப் வந்த பிறகுதான் டர்ர் தொடங்கியது என்கிறீர்கள், அதுவும் ஹீட்டர் போட்டால். பம்பின் மேல் ஸ்டிக்கரில் அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது? இங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் கடைகளில் கிடைக்கும் நிறைய பம்புகள் 55 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிட்டுத்தான் நிற்கும், அழுத்தத்தின் இன்னோர் அளவுமுறையில் அது ஏறக்குறைய 3.8 பார். உங்கள் ட்ரூமாவுக்கு அனுமதித்த அளவு 2.8 பார். அதற்கு மேலே ஏறினால் லெஸ்டர் நண்பர் சொன்ன அதே நீல வால்வு விட்டு விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளி அழுத்தத்தைக் குறைக்கும். ஹீட்டரில் தண்ணீர் சூடாகி விரியும்போது அழுத்தம் இன்னும் ஏறும், வால்வு சொட்டும். அப்புறம் அழுத்தம் இறங்கியதும் பம்ப் ஒரு நொடி ஓடி மறுபடி ஏற்றும். நீங்கள் கேட்கிற டர்ர் அதுதான். ராத்திரி வால்வின் வடிகால் நுனிக்கு நேர் கீழே தரையில் காய்ந்த அட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள், காலையில் பாருங்கள். அட்டை நனைந்திருந்தால் நான் சொல்வது சரி. நனையவில்லை என்றால் பம்புக்குள்ளேயே தண்ணீர் டேங்குக்குத் திரும்பிப் போகிறது, அல்லது உள்ளே ஏதோ குழாய் சொட்டுகிறது.

வெதுவெதுப்புத் தண்ணீருக்கு வெளி ஷவரைத் திறந்து பாருங்கள். அதில் சூடு, குளிர் என்று இரண்டு திருகு இருந்து, கைப்பிடியில் ஒரு நிறுத்து பட்டனும் இருக்கிறதா? பிள்ளைகள் கடற்கரையில் கால் கழுவிவிட்டுக் கைப்பிடிப் பட்டனை மட்டும் மூடிவிட்டு வந்திருப்பார்கள். திருகு இரண்டும் திறந்தே கிடக்கும். குளிர்ந்த தண்ணீர் அந்த வழியாகச் சிவப்புப் பைப்புக்குள் நுழைந்து கலந்துவிடும், ஹீட்டர் எவ்வளவு எரிந்தாலும் குழாயில் வெதுவெதுப்புத்தான் வரும். இரண்டையும் இறுக மூடிவிட்டு கிச்சனில் திறந்து பாருங்கள்.

---

எட்மன்டன் தம்பி எழுதியது:

இன்ஜினியர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. பனிக்கு மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், இங்கே மைனஸ் 30 பார்க்கிற ஊர்.

நாங்கள் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, பைப்பில் இளஞ்சிவப்பு ஆன்ட்டிஃப்ரீஸ், அதாவது பனியில் உறையாத திரவம், ஏற்றி வைப்போம். அது புரொப்பிலீன் கிளைக்கால், குடிதண்ணீர் பைப்புக்கென்றே விற்பது. கார் ரேடியேட்டரில் ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால், விஷம், அதைத் தண்ணீர்ப் பைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எங்கள் வண்டிகளில் ஹீட்டருக்குள் அது போகாமல் இருக்க பைபாஸ் வால்வு இருக்கும். வசந்தத்தில் அதைத் திருப்பி வைக்க மறந்தால் வெதுவெதுப்புத் தண்ணீர்தான் வரும், இதுவும் பலருக்கு நடப்பது.

ஹாமில்டனில் ஆன்ட்டிஃப்ரீஸ் தேவைப்படாது, வடித்தால் போதும். வடிக்கும்போது கைப்பிடி ஒன்றே உள்ள குழாய்களை நடுவில் நிறுத்தித் திறந்து வையுங்கள். ஒரு பக்கமாகத் திறந்தால் சூடு, குளிர் இரண்டில் ஒன்று மட்டுமே வடியும், மற்றதில் தண்ணீர் நின்று ராத்திரியில் உறைந்து, குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜை உடைத்துவிடும். ஷவர் ஹோஸைத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள்.

---

வைக்காட்டோவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதோடுதான் போனது.

வெளி ஷவரில் இரண்டு திருகும் திறந்தே இருந்தன. மூடியதும் கிச்சனில் கை வைக்க முடியாத சூடு. பெரியவளிடம் கேட்டேன், திரும்பி வரும் வழியில் கைகோராவில் மணல் கழுவியவள் அவள்தான். பட்டனை மூடினால் போதும் என்று நினைத்திருக்கிறாள், அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஃபில்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டேங்கைக் குறைத்துவிட்டு வீட்டுக்காரர் குழாயைத் திறந்தார், நான் பெஞ்சுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். கண்ணாடி மூடிக்குள் கொதிக்கிற மாதிரிக் குமிழிகள். கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. திருகுப் புரி ஆரம்பிக்கிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, கிண்ணத்தின் பாதிச் சுற்றுக்கு ஓடுகிறது. நகத்தை வைத்து ஓட்டினால் தட்டுகிறது. உலர்ந்த டிஷ்யூவால் அதன் அடியைத் துடைத்தேன், டேங்க் நிறைந்திருந்த நாட்களில் மெல்லக் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தது. உள் வலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் சீவல்களும் ஒட்டியிருந்தன, டேங்கில் ஓட்டை போட்டபோது உள்ளே விழுந்தவையாக இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். புது ஃபில்டர், புது ஓ-ரிங், இரண்டுக்கும் சேர்த்து மிகச் சொற்பச் செலவு. டேங்கில் கடைசி கொஞ்சம் தண்ணீர் இருக்கும்வரை திறந்து வைத்துப் பார்த்தேன். ஒரு துப்பல் இல்லை.

பம்ப் ஸ்டிக்கரில் 55 பிஎஸ்ஐ என்றே இருக்கிறது! அட்டை போட்டேன், காலையில் தட்டு அளவுக்கு ஈரம். ஹீட்டர் போடாத இரவில் அட்டை அவ்வளவாக நனையவில்லை, டர்ரும் ஒரே ஒரு முறைதான் கேட்டது. ஹீட்டர் மேல் ஒட்டிய தகட்டில் 2.8 பார் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துக் கடையில் காட்டினேன். மேனேஜர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். 30 பிஎஸ்ஐ பம்ப் வரவழைத்து மாற்றித் தருகிறோம், கூலி வேண்டாம் என்றார். பழைய பம்ப் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. புதியதை மாட்டி வந்தபிறகு ராத்திரி ஹீட்டரோடு படுத்தோம். விடியும்வரை பம்ப் வாய் திறக்கவில்லை.

லெஸ்டர் அண்ணா, வீட்டுக்காரர்தான் மறுநாள் மத்தியானம் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறார். உள்ளே போய் நின்றதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. பாத்ரூம் வாஷ்பேசின் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் பம்ப் டக் டக்கென்று விட்டு விட்டு ஓடுகிறது. நன்றாகத் திறந்தால் சீராக ஓடுகிறது. இதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா ஐயா? கையோடு முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

---

செகண்ட் இன்ஜினியர் எழுதியது:

மிகவும் சந்தோஷம் அம்மா. அந்தக் கோட்டை நகத்தால் தடவிக் கண்டுபிடித்தீர்களே, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் பலர் அதைப் பார்க்காமலே மறுபடி மாட்டியிருப்பார்கள். 30 பிஎஸ்ஐ என்றால் 2 பாரைச் சற்றே தாண்டும், உங்கள் ஹீட்டருக்குப் பொருத்தம்.

டக் டக் பழுது அல்ல. பம்ப் தள்ளுகிற அளவைவிடக் குறைவாக நீங்கள் எடுக்கும்போது அழுத்தம் உடனே ஏறிப் பம்ப் நிற்கும், ஒரு துளி போனதும் இறங்கி மறுபடி ஓடும். பம்பின் சுவிட்ச் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் ஒரு குழாயில் மட்டும் என்கிறீர்கள், அதன் நுனியில் திருகியிருக்கும் சின்ன வலையை முதலில் கழற்றிப் பாருங்கள். ஃபில்டரில் கண்ட அதே வெள்ளைச் சீவல் பழைய வலையைத் தாண்டி அங்கே போய் அடைத்திருக்கலாம், இல்லை சுண்ணாம்பு பிடித்திருக்கலாம். சீவலைக் குண்டூசியால் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பென்றால் வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

அதற்குப் பிறகும் சத்தம் தொந்தரவாக இருந்தால், பம்புக்கு அடுத்து தள்ளும் பக்கத்தில் ஓர் அக்யுமுலேட்டர் போடலாம். பந்து அளவு குடுவை, உள்ளே ரப்பர் பை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். கொஞ்சமாகத் திறக்கும்போது அது தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருக்கும், பம்ப் ஓய்வாக இருந்துவிட்டு ஒரேயடியாக ஓடி நிரப்பும். காற்றுப் பக்கத்தை சைக்கிள் பம்பால் அடிக்க வேண்டும். தண்ணீர்ப் பம்பை அணைத்து எல்லாக் குழாயையும் திறந்து அழுத்தம் போன பிறகுதான் அடிக்க வேண்டும், அதுவும் பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தை ஒட்டி. அளவு பெட்டியிலேயே எழுதியிருக்கும். பைப்பில் சேர்க்கும்போது 12 மில்லிமீட்டர் பைப்பை நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் செருகியதும் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைக் கிழிக்கும். வெட்டியவிடத்தில் பிசிறு இருந்தால் விரலால் தடவி எடுத்துவிட்டு, முதலில் தட்டும் இடத்தோடு நிறுத்தாமல் அடி முட்டும்வரை அழுத்துங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

கோரமண்டலில் பனிப் பயம் இல்லை. அடுத்த ஜூலையில் ட்வைசல் போனால் இரவு பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, அந்த ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் படுங்கள். கழற்றும் முன் டேங்க் மட்டம் பம்புக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டேங்க் தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் வந்துவிடும். டேங்க் ஹோஸில் ஒரு சின்னத் திருகு வால்வு போட்டுவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, கடைக்காரரிடம் கூலியில்லாமல் கேட்டுப் பாருங்கள்.